குடும்ப, திருமண சிகிச்சையாளர் என்பவர் என்ன படித்தவர்? டர்பனிலிருந்து ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த உம்லாங்காவில் குடியிருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். கணவரின் மென்பொருள் வேலையை ஒட்டி மூன்று ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து இங்கே வந்தவர். வீட்டுக்கு அருகில் ஒரு வாசலில் ‘குடும்ப, திருமண சிகிச்சையாளர்’ என்று பெயர்ப்பலகை இருக்கிறதாம். இவர்கள் என்ன படித்தவர்கள், மனநல மருத்துவரா, இல்லை ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதையே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்பவரா என்பது அவருடைய கேள்வி. கூடவே இரண்டு செய்திகளைச் சேர்த்திருக்கிறார். அந்தச் சிகிச்சையாளருக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்று கேள்விப்பட்டது ஒன்று; அப்படிப்பட்டவர் எங்களுக்கு என்ன சொல்லித்தர முடியும் என்கிறார். மதுரையிலிருந்து மாமியார் நாள்தோறும் தொலைபேசியில் அழைக்கும் நேரத்தில்தான் வீட்டில் சண்டை தொடங்குகிறது என்பது மற்றொன்று.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாத ஒன்றை, நம் ஊரும் மொழியும் வழக்கமும் அறியாத ஒருவர் முன் சொல்வதற்கு அவருக்கு என்ன தகுதி இருக்கிறது, அந்தத் தகுதியை வெளியிலிருந்து எப்படிச் சரிபார்ப்பது என்பதையே நீங்கள் அறிய விரும்புகிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் டர்பனில் பிறந்தவள். வெஸ்ட்வில்லில் இருந்த பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிப் பட்டத்தோடு தமிழையும் பாடமாக எடுத்துப் படித்தேன். டர்பனில் இந்தியர் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறேன்; அதில் பெரும்பகுதி தம்பதியரோடு. நான் உளவியலாளர் அல்லள், மருத்துவரும் அல்லள். ஆகவே மருந்து, மனநோய் பற்றி நான் சொல்வதை அவர்கள் சொல்வதற்குக் கீழேதான் வைக்க வேண்டும்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செய்தி. தென்னாப்பிரிக்காவில் ‘குடும்ப, திருமண சிகிச்சையாளர்’ என்ற பெயரில் தனிப் பதிவேடு கிடையாது. அமெரிக்காவில் அது ஒரு தனித் தொழில். 1960களில் கலிபோர்னியாவில் தொடங்கி, இன்று ஐம்பது மாநிலங்களிலும் அதற்கென்று உரிமம் இருக்கிறது. இங்கே சட்டம் காப்பது அடிப்படைத் தொழிற்பெயர்களை மட்டுமே. உளவியலாளர்களும் மருத்துவர்களும் 1974ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டத்தின் கீழ், எச்.பி.சி.எஸ்.ஏ. என்று நாம் சொல்லும் சுகாதாரத் தொழில்முறை மன்றத்தில் பதிவு செய்கிறார்கள். சமூகப் பணியாளர்கள் 1978ஆம் ஆண்டின் 110ஆம் எண் சட்டத்தின் கீழ் எஸ்.ஏ.சி.எஸ்.எஸ்.பி. என்ற வேறொரு மன்றத்தில் பதிவு செய்கிறார்கள். உளவியலாளர் பதிவுக்குள் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், கல்வி உளவியல், தொழிலக உளவியல் என்று பிரிவுகள் உண்டு. குடும்ப சிகிச்சை என்று ஒரு பிரிவு இல்லை. ஆகவே நீங்கள் பார்த்த பலகை அவர் செய்யும் வேலையை மட்டும் சொல்கிறது. அவர் யார் என்பது, பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பதிவு எண்ணில் இருக்கிறது. பி.எஸ். என்று தொடங்கினால் உளவியலாளர்; பி.ஆர்.சி. என்றால் பதிவு பெற்ற ஆலோசகர்; எம்.பி. என்றால் மருத்துவர், 10 என்று தொடங்கி நடுவில் சிறு கோடு போட்டிருந்தால் என்னைப் போன்ற சமூகப் பணியாளர். எச்.பி.சி.எஸ்.ஏ.யின் இணையப் பதிவேட்டில் பெயரையோ எண்ணையோ இட்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று எவரும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் வருவதற்கு முன் அதைச் செய்துவிட்டு வந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

எண்ணே இல்லாதவர்களும் உண்டு. போதகர்கள், கோயில் சார்ந்து ஆலோசனை சொல்பவர்கள், அண்மைக் காலத்தில் வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று தம்மை அழைத்துக்கொள்பவர்கள் ஆகியோர் இந்த வகை. அவர்களுள் நல்லவர்கள் பலரை அறிவேன். தவறு என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். பதிவு பெற்றவர் உங்கள் வீட்டுச் செய்தியை வெளியே சொன்னாலோ, முறைகேடாக நடந்தாலோ, விசாரித்துத் தண்டிக்கவும் பதிவை நீக்கவும் ஒரு மன்றம் இருக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் சட்டத்தின் வலுவுள்ள அத்தகைய மன்றம் இல்லை.

இனி, அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் படிப்பு. மருத்துவ உளவியலாளர் மூன்றாண்டு இளங்கலை, அதன் மேல் ஹானர்ஸ் என்ற ஓராண்டுப் பட்டம், பிறகு முதுகலை, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, ஓராண்டு அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் சமுதாய சேவை என்று கடந்து வருகிறார். முதுகலைக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு ஒரு சிறு குழுவைத்தான் எடுப்பதால், அந்த வாசலிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். ஆலோசனை உளவியலாளரின் பாதையும் ஏறக்குறைய இதுவே, சமுதாய சேவை ஆண்டைத் தவிர. பதிவு பெற்ற ஆலோசகர் நான்காண்டு படிப்பும் ஏறத்தாழ 720 மணி நேரப் பயிற்சியும் முடித்தவர். குறுகிய கால உதவியும், சிக்கலை முன்கூட்டி அடையாளம் கண்டு உரியவரிடம் அனுப்புவதும் அவருடைய எல்லை. சமூகப் பணியாளருக்கு நான்காண்டுப் பட்டம்; அதில் களப்பணி மிகுதி. மனநல மருத்துவர் ஆறாண்டு மருத்துவப் படிப்பு, இரண்டாண்டு உள்ளகப் பயிற்சி, ஓராண்டு சமுதாய சேவை, அதன் பிறகு நான்காண்டு சிறப்புப் பயிற்சி என்று நீண்ட வழியில் வந்தவர். இவர்களுள் மருந்து எழுதித் தரக்கூடியவர் அவர் ஒருவரே. ‘டாக்டர்’ என்று பெயருக்கு முன்னால் இருந்தால் மட்டும் மருத்துவர் என்று எண்ணிவிடாதீர்கள். முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளரும் சமூகப் பணியாளரும் அப்படியே எழுதுகிறார்கள்.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் உங்கள் கேள்விக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கும். மேலே சொன்ன எல்லாப் படிப்புகளும் பெரும்பாலும் ஒரு தனி மனிதரை எதிரே உட்காரவைத்துப் பேசக் கற்றுத்தருபவை. குடும்ப சிகிச்சை அவற்றில் ஒரு பாடமாக வரும். சில இடங்களில் கூடுதலாக, சில இடங்களில் பெயருக்கு. யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதுகலை உளவியல் பயிற்சி நெடுங்காலம் குடும்பத்தை ஓர் அமைப்பாகப் பார்க்கும் நோக்கையே சார்ந்திருந்தது; எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படி அல்ல. ஒருவருடைய கவலையைக் கேட்பதில் மிகத் தேர்ந்தவர் இருவர் சண்டையிடும் அறையில் தடுமாறிப் போவது உண்டு. அங்கே ஒருவருக்கு ஆறுதலாகச் சொல்லும் சொல் மற்றவருக்குக் குற்றச்சாட்டாக விழும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1980களின் கடைசியில் வேலையில் சேர்ந்த புதிதில், சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஓர் இளம் மனைவி என்னிடம் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்று முறை அவருடைய பக்கத்தை முழுமையாகக் கேட்டேன். நான்காம் முறை கணவரை வரச்சொன்னேன். அவர் வந்து, நான் காட்டிய நாற்காலியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல உட்கார்ந்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியிலும் மனைவி முன்பே என்னிடம் சொன்னது எட்டிப் பார்த்தது. அது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. இன்னொரு முறை வந்தார், பிறகு வரவில்லை. சில நாளில் மனைவியும் நின்றுவிட்டார். அந்தக் கோப்பை என் மேற்பார்வையாளரிடம் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: “அந்த வீட்டில் ஒரு வேளைக்கு எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள்?” எனக்குத் தெரியவில்லை. முன்வீட்டில் மாமனார், மாமியார், மணமாகாத நாத்தனார். பின்னால் அவுட்பில்டிங் என்று நாங்கள் சொல்லும் தனிக்கட்டடத்தில் இந்தத் தம்பதி. சமையலறையோ ஒன்றுதான் என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். என்னிடம் பட்டம் இருந்தது, பதிவு எண் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

இந்தத் துறை எப்படி உருவானது என்று பார்த்தால், படிப்பின் பெயரை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பது விளங்கும். 1930இல் லாஸ் ஏஞ்சலஸில் குடும்ப உறவுகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, அமெரிக்கத் திருமண ஆலோசனையின் முன்னோடி என்று பெயர் வாங்கிய பால் போப்பனோ பேரீச்சை வளர்ப்பில் தேர்ந்தவர், இனமேம்பாட்டுக் கொள்கையைப் பரப்பியவர். உளவியலோ மருத்துவமோ முறையாகப் படித்தவர் அல்லர். 1942இல் அங்கே திருமண ஆலோசகர்களுக்கென்று சங்கம் அமைந்தபோது, யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதே அவர்களுடைய பெரிய கவலையாக இருந்ததில் வியப்பில்லை. குடும்ப சிகிச்சையின் ஊற்றோ வேறிடம். ஒருவருடைய மனநோயை அவர் வாழும் வீட்டின் பேச்சுமுறையோடு சேர்த்துப் பார்க்கத் தூண்டிய 1956ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கிரெகரி பேட்சன் மானிடவியலாளர். வர்ஜீனியா சட்டீர் பள்ளி ஆசிரியையாக இருந்து சமூகப் பணிக்கு வந்தவர். அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினுச்சின் மருத்துவர். நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் ஏழைக் குடும்பங்களோடு பழகித்தான் தம் முறையை வகுத்தார். மரே போவன் மனநல மருத்துவர். 1950களில் நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்துக் கவனித்தவர். பின்னாளில் கதைவழிச் சிகிச்சையை உருவாக்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் வைட்டும் சமூகப் பணியாளரே. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான படிப்பு என்று ஒன்று இல்லை. ஒருவரை அவருடைய உறவுகளிலிருந்து பிரித்து வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும் என்ற எண்ணம்தான் பொதுவானது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். நானும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அதனால், அடிப்படைப் படிப்புக்கு மேல் அவர் இந்த வேலைக்கென்று தனியாக என்ன பயிற்சி பெற்றார் என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். நல்ல பயிற்சி என்றால் வகுப்பறை மட்டும் இல்லை. ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் மூத்தவர்கள் உட்கார்ந்திருக்க, முன்னால் குடும்பத்தோடு நீங்கள் பேச வேண்டும். நடுவில் கதவைத் தட்டி, ‘அந்தப் பையனை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவிலிருந்து எழுப்பி வேறு இடத்தில் உட்காரவை’ என்பார்கள். அல்லது குடும்பத்தின் சம்மதத்தோடு பதிவு செய்த பேச்சைப் பிறகு ஓடவிட்டு, நீங்கள் எந்த இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தீர்கள் என்று நிறுத்திக் காட்டுவார்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் நான் கற்றதில் பெரும்பாதி அந்த அறையில் கற்றது. தம்பதியரோடு வேலை செய்பவர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றிருந்தாலும் இன்னொருவரிடம் தம் வேலையைக் காட்டிக் கலந்துபேசுவது வழக்கம். ‘இப்போதும் நீங்கள் மேற்பார்வைக்குப் போகிறீர்களா’ என்று கேட்டால் நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பயிற்சியின் இன்னொரு பகுதி, தம் சொந்தக் குடும்பத்தின் வரைபடத்தைத் தாமே வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு, மனக்கசப்புக்கு வளைந்து நெளியும் கோடு என்று குறைந்தது மூன்று தலைமுறை. யாருடைய இறப்புக்குப் பிறகு யார் யாரோடு பேசுவதை நிறுத்தினார்கள் என்பது அந்தத் தாளில் வந்து விழும்போது, நாம் ஏன் சில கணவர்களைக் கண்டதும் எரிச்சல் அடைகிறோம், சில மாமியார்களிடம் ஏன் அஞ்சுகிறோம் என்பதெல்லாம் புலப்படும். எங்கள் ஊரில் இந்தப் பயிற்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. என் படத்தில் மூன்று தலைமுறைக்கு மேலே ஏறினால், ஊர்ப்பெயருக்குப் பதிலாக ஒரு கப்பலின் பெயரும் ஓர் எண்ணும் வரும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் இடப்பட்ட எண் அது. என் ஆயாவின் (பாட்டியின்) தாய் தனியாக வந்தவர். அவருக்கு முன்னால் கோடு போட எனக்கு எவரும் இல்லை.

இங்கே வேலை செய்பவருடைய பின்னணியில் இந்த வரலாற்று அறிவும் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த மன்றமும் இதைத் தேர்வில் கேட்பதில்லை. இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்துக்குப் பின், டர்பனின் மேகஸின் பாரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களில் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்தின் சிறிய நகராட்சி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அந்த வீடுகள் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற அளவுக்குக் கட்டப்பட்டவை. யூனிட் என்று அழைக்கப்பட்ட குடியிருப்புப் பகுதிகளுள் அண்ணன் ஒன்றிலும் தம்பி இன்னொன்றிலும் விழுந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா இல்லை, சண்டையை விலக்க மாமா இல்லை. மற்ற சில வீடுகளிலோ, இரண்டு அறைக்குள் மூன்று தம்பதியர் நெருக்கிக்கொண்டார்கள். அந்த இடப்பெயர்ச்சி நடந்த ஆண்டுகளில் பிரதமராக இருந்தவரும், இனவொதுக்கல் கொள்கையை வகுத்தவர்களுள் முதன்மையானவருமான ஃபெர்வூர்ட், அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியலும், பிறகு சமூகவியலும் சமூகப் பணியும் கற்பித்த பேராசிரியர். என் தொழிலின் முன்னோர் வரிசையில் அவரும் இருக்கிறார் என்பதை மாணவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

திருமணம் என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணங்களைத் தவிர மற்றவை செல்லாது என்று 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்ததும், நம் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணமானதும், சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் மறைந்ததும் நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். இன்றும் கோயிலில் தாலி கட்டி, அங்கீகாரம் பெற்ற திருமண அதிகாரி முன் பதிவு செய்யாமல் விட்ட தம்பதியர் பிரியும்போது சட்டச் சிக்கலில் மாட்டுகிறார்கள். சிகிச்சையாளர் இதற்கு வழக்கறிஞரைப் போல ஆலோசனை சொல்லக் கூடாது; ஆனால் கேட்டு அறிந்து, வழக்கறிஞரிடம் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். விவாகரத்து வழக்கில் குழந்தைகளின் நலனைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் குடும்ப வழக்குரைஞர் அலுவலகம் வேறு, சிகிச்சை வேறு. ஒருவரே இரண்டையும் செய்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திருமணமாகாதவர் எங்களுக்கு என்ன சொல்லித்தர முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே நான் உறுதியான தரையிலிருந்து சற்று விலகி நிற்கிறேன். சிகிச்சையாளருக்கு மணமாகியிருந்தால் பலன் கூடுகிறது என்று நம்பவைக்கும் ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. என் அனுபவம் இரண்டு பக்கமும் பேசுகிறது. மணமாகி முப்பதாண்டு ஆனவர்கள் தம் வீட்டு வழக்கத்தையே எல்லோருக்கும் மருந்தாகக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். மணமாகாத இளைஞர் ஒருவர் ஒரு முதிய தம்பதியரிடம் எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் கேட்டே அவர்களைப் பேசவைத்ததையும் கண்டிருக்கிறேன். தம்பதியர் சிகிச்சை பொதுவாக, எதுவும் செய்யாமல் விடுவதைவிடப் பலன் தருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிகிச்சையாளருக்கும் உங்கள் இருவருக்கும் இடையே அமையும் நம்பிக்கை பலனோடு தொடர்புடையது என்பதும் அப்படியே. எந்த முறை எந்தத் தம்பதிக்குச் சிறந்தது என்பது இன்னும் தீராத விவாதம். சூ ஜான்சன் வளர்த்த உணர்ச்சி மையச் சிகிச்சை நன்கு ஆராயப்பட்ட ஒன்று. ஜான் காட்மன் தம்பதியரின் பேச்சைப் படம்பிடித்து, குறைகூறல், இகழ்ச்சி, தற்காப்பு, வாய்மூடி இருத்தல் என்று நான்கு கேடுகளை அடையாளம் காட்டியது பயனுள்ளது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க, கனடியத் தம்பதியரிடம் நடந்தவை. நம் வீடுகளில் வாய்மூடி இருப்பது சில வேளை கோபம், சில வேளை மரியாதை. எது எது என்று கேட்காமல் கேடு என்று குறித்துக்கொள்பவரிடம் நான் சற்று எச்சரிக்கையாகவே இருப்பேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வீட்டில் அடி, மிரட்டல், பணத்தையோ கடவுச்சீட்டையோ பறித்து வைத்தல் இருந்தால், இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் சிகிச்சை முதலில் செய்ய வேண்டியதே அல்ல. அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். நன்கு பயின்றவர் தொடக்கத்தில் இருவரையும் தனித்தனியாக ஒரு முறை சந்தித்து இதைக் கேட்பார். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவரும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கோரலாம். இரகசியத்துக்கும் எல்லை உண்டு: குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி நாங்கள் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்குபவர் முறை தெரிந்தவர்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. தேவாரமும் காவடிப் பாட்டும் தமிழில் இருக்கும், சண்டை ஆங்கிலத்தில்தான். தமிழ்ப் பெயர் கொண்ட சிகிச்சையாளரிடம் தமிழில் பேசலாம் என்று எண்ணிப் போனால் ஏமாறக்கூடும். அதேபோல, நம்மவர் என்பதற்காகவே ஒருவரைத் தேடாதீர்கள். நம் சமூகம் சிறியது. உங்கள் கணவரின் அலுவலகத்தில் இருப்பவருக்கு அவர் உறவாக இருந்தால், பழகியவர்களுக்குச் சிகிச்சை தரக் கூடாது என்ற நெறி இருவருக்கும் இடையூறாகும். சென்னையிலிருந்து காணொளி வழியாகப் பேசும் தமிழ் உளவியலாளர் ஒரு வழி. ஆனால் அங்கும் திருமண ஆலோசகருக்குத் தனி உரிமம் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவைக் கேளுங்கள். பிரச்சினை என்று வந்தால் இங்குள்ள மன்றம் அவரை விசாரிக்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே, வலிக்கும் இடத்தில் தமிழில் சொல்லிப் பிறகு அதை விளக்க உங்களுக்கு நேரம் தருபவர் கிடைத்தால் போதும், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

கட்டணத்தை முன்பே கேட்டுவிடுங்கள். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இருந்தால், தம்பதியர் பிரச்சினைக்கு எழுதப்படும் ‘இசட் 63.0’ என்ற குறியீட்டுக்கு உங்கள் திட்டம் பணம் தருமா என்று அவர்களிடமே விசாரியுங்கள். திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். தனியார் கட்டணம் தாங்காது என்றால் ஃபாம்சா என்ற குடும்ப, திருமணச் சங்கத்துக்கு நாட்டின் பல நகரங்களில் கிளைகள் உண்டு. அங்கே பெரும்பாலும் சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள்.

அந்தப் பலகைக்கு உரியவர் நல்லவரா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. தொலைபேசியில் அழைத்து, எந்த மன்றத்தில் பதிவு, தம்பதியரோடு வேலை செய்யத் தனியாக எங்கே பயின்றார், இப்போது யாரிடம் மேற்பார்வை என்று கேளுங்கள். கணவர் தயங்கினால் அவரையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் முதலில் மூன்று முறை போய்விடாதீர்கள், அதன் விளைவை மேலே சொல்லியிருக்கிறேன். முதல் சந்திப்பில் மாமியாரின் அழைப்பைப் பற்றிச் சொல்லுங்கள். மதுரையில் இரவு ஒன்பது என்றால் டர்பனில் மாலை ஐந்தரை. நீங்கள் அடுப்படியில் நிற்கும் நேரம், கணவர் வேலையிலிருந்து நுழையும் நேரம். அந்த மணிக் கணக்கைக் குறித்துக்கொண்டு, அப்போது யார் எந்த அறையில் இருப்பீர்கள், தொலைபேசியை யார் எடுப்பார், மதுரையில் அத்தைக்குப் பக்கத்தில் அந்நேரம் யார் இருப்பார்கள் என்று அவர் கேட்டால், குடும்பங்களோடு பழகியவர் என்று நம்பி அடுத்த முறைக்கு நாள் குறியுங்கள். அழைக்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிடுங்கள் என முதல் நாளே முடித்துவிடுபவராக இருந்தால், பதிவேட்டில் இன்னொரு பெயரைத் தேடத் தொடங்குங்கள்.